ஒரே களிமண், இரண்டு நிலநடுக்கங்கள்: மெக்சிகோ நகரம் 1985, 2017

1985 செப்டம்பர் 19, காலை 7.17. மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் மிச்சோவகான் மாநிலத்துக்கு அடியில் பூமித்தட்டு வழுக்கியது. அளவு 8.0. வழுக்கிய இடத்துக்கு நேர் மேலே, கலேட்டா தே காம்போஸ் என்ற கடலோர ஊரில் பாறை மேல் ஒரு கருவி இருந்தது. அது பதிந்த உச்ச முடுக்கம் புவியீர்ப்பில் ஏறத்தாழ 14 சதவீதம்.

அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது மெக்சிகோ நகரம். அங்கே போக்குவரத்து அமைச்சக வளாகத்தில் இருந்த கருவி 17 சதவீதம் பதிந்தது. அதே நகரின் தென்மேற்கில், உறைந்த எரிமலைக் குழம்பின் மேல் நிற்கும் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் பதிந்தது 3 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. இரண்டு கருவிகளுக்கும் இடையே பத்து கிலோமீட்டர்கூட இல்லை.

மென்மண் அதிர்வைப் பெருக்கும் என்பதற்கு பல பாடநூல்களும் இந்த மூன்று எண்களைத்தான் காட்டும். தவறில்லை. ஆனால் இதைப் படித்தவர்கள் பலரும் "மெக்சிகோ களிமண் ஐந்து மடங்கு பெருக்கும்" என்று ஒற்றை எண்ணாக மனத்தில் வைத்துக்கொண்டார்கள். அந்த எண் எவ்வளவு அரைகுறை என்பது சரியாக 32 ஆண்டு கழித்து, அதே செப்டம்பர் 19 அன்று தெரிந்தது. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

ஏரியின் மண்

இன்றைய நகரத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் டெஸ்கோகோ ஏரி. அஸ்டெக் மக்களின் டெனோச்டிட்லான் அதன் நடுவே தீவாக இருந்தது. 1521ல் அதைக் கைப்பற்றிய ஸ்பானியர்கள் அதன் மேலேயே தங்கள் நகரைக் கட்டினார்கள். அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் தண்ணீரை வடித்தார்கள். தண்ணீர் போனது, அடியில் படிந்திருந்தது போகவில்லை. எரிமலைச் சாம்பல் மக்கிய களிமண்ணும், டயாட்டம் என்ற நுண்ணுயிரிகளின் ஓடுகளும் சேர்ந்த படிவு அது.

இந்த மண்ணின் ஆய்வறிக்கையை முதல்முறை பார்ப்பவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார். நீர் அளவு 200, 300, சில ஆழங்களில் 400 சதவீதம் என்று இருக்கும். உலர்ந்த மண்ணின் எடையோடு ஒப்பிட்டுத்தான் நீர் அளவைச் சொல்வது வழக்கம். ஆக 300 சதவீதம் என்றால் ஒரு கிலோ மண்துகளோடு மூன்று கிலோ தண்ணீர். கலையாமல் வெட்டியெடுத்த கட்டி, சீவி வைத்த சோப்பு போலத் தன் வடிவத்தில் நிற்கும். அதையே விரல்களுக்கிடையே நாலு முறை பிசைந்தால் கூழாகிவிடும். அதன் மேல்தான் ஒரு மாநகரம் நிற்கிறது.

நகரப் பொறியாளர்கள் நிலத்தை மூன்றாகப் பிரிப்பார்கள்: மேற்கிலும் தெற்கிலும் உறுதியான குன்றுப் பகுதி, நடுவில் இடைநிலை, பிறகு ஏரிப் பகுதி. ஏரிப் பகுதிக்குள்ளும் களிமண்ணின் தடிமன் ஓரத்தில் சில மீட்டர்தான். உள்ளே போகப் போக நாற்பது மீட்டர், அதற்கும் மேல். இந்தத் தடிமன் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க அதைச் சுற்றியே நடக்கிறது.

நாலால் பெருக்கி வகுக்கும் கணக்கு

உறுதியான அடிநிலத்தின் மேல் ஒரு மென்மண் அடுக்கு கிடந்தால் அதற்கென்று ஓர் ஆட்ட நேரம் உண்டு, அதாவது ஒரு முறை ஆடித் திரும்ப எடுக்கும் நேரம். தடிமனை நாலால் பெருக்கி, அந்த மண்ணுக்குள் எஸ் அலை (நிலத்தைப் பக்கவாட்டில் ஆட்டியபடி போகும் நில அதிர்வலை) போகும் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும். அமைச்சக வளாகத்தில் களிமண் ஏறத்தாழ 38 மீட்டர். அலை வேகம் வினாடிக்கு 75 மீட்டர் அளவில்தான். கடினப் பாறையில் இது ஆயிரங்களில் இருக்கும். 38ஐ நாலால் பெருக்க 152. அதை 75ஆல் வகுக்க இரண்டு வினாடி.

அன்றைய பதிவைப் பார்த்தால் இந்தக் கணக்குக்கு நிரூபணமே வேண்டாம். நிலநடுக்கப் பதிவு என்றால் ஒழுங்கற்ற கிறுக்கல் என்றுதான் பழக்கம். இது பள்ளிக்கூட இயற்பியல் நூலில் வரையும் சைன் அலை போல இருக்கிறது. இரண்டு வினாடிக்கு ஒரு ஏற்ற இறக்கம், அடுத்தது, அதற்கடுத்தது. வலுவான கட்டம் மட்டுமே நாற்பது வினாடி என்று வைத்தாலும் இருபது ஆட்டம். 17 சதவீத முடுக்கத்தை இரண்டு வினாடி ஆட்டத்தில் இடப்பெயர்ச்சியாக மாற்றிப் பாருங்கள்: இப்பக்கம் ஒரு சாண், அப்பக்கம் ஒரு சாண். தரையே தொட்டில் ஆடியது.

பெருக்கம் எங்கிருந்து வருகிறது? வேகமாக வந்த அலை மெதுவான, எடை குறைந்த மண்ணுக்குள் நுழையும்போது அதே ஆற்றலைக் கொண்டுபோக வீச்சைக் கூட்ட வேண்டியிருக்கிறது. அது ஒரு பங்கு. மேற்பரப்பில் முட்டித் திரும்பும் அலை, அடியில் உறுதியான தளத்தில் முட்டி மறுபடி மேலே வருகிறது. கீழிருந்து புதிதாக வரும் அலை அதே தாளத்தில் இருந்தால் இரண்டும் கூடுகின்றன. இது இரண்டாம் பங்கு, பெரிய பங்கு. கூடிக்கொண்டே போகாமல் தடுப்பவை இரண்டு: அடித்தளம் வழியே கசியும் ஆற்றல், மண்ணுக்குள் உராய்வில் வீணாகும் ஆற்றல். பின்னதைத் தணிப்பு என்போம்.

தோராய எண்களைப் போட்டுப் பார்க்கலாம். அடிநிலத்தில் அலை வேகம் 500, அடர்த்தி 2. களிமண்ணில் வேகம் 75, அடர்த்தி 1.2. வேகத்தையும் அடர்த்தியையும் பெருக்கிப் பார்த்தால் இரண்டுக்கும் பதினோரு மடங்கு வேறுபாடு. தணிப்பு 3 சதவீதம் என்றால் ஒத்ததிர்வு நேரத்தில் (வரும் அலையின் தாளமும் மண்ணின் தாளமும் ஒன்றும்போது) பெருக்கம் ஏழு மடங்கு வருகிறது. தணிப்பு 15 சதவீதமானால் மூன்று மடங்குக்கு இறங்கிவிடும். சாதாரண மண் பலமாகக் குலுங்கும்போது துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி, தணிப்பு இப்படித்தான் ஏறும். 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தின்போது செயற்கைத் தீவான போர்ட் ஐலண்டில் அதுவே நடந்தது. காலடியிலேயே உடைந்த பிளவு, அதன் மேல் கொட்டி நிரப்பிய மண். மண் திரவமாகி, 83 மீட்டர் ஆழத்தில் இருந்ததைவிடத் தரைமட்டத்தில் பக்கவாட்டு முடுக்கம் குறைந்தே பதிந்தது. மென்மண் அதிர்வைக் குறைத்த இடம் அது! (கட்டடத்துக்கு அது நல்ல செய்தி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தரையே சரிந்தது.)

மெக்சிகோ களிமண் அப்படி நழுவுவதில்லை. அதன் குழைமை எண் (எவ்வளவு நீர் வரம்புக்குள் மண் குழைந்தே இருக்கும் என்பதன் அளவு) சாதாரணக் களிமண்ணைவிடப் பல மடங்கு. வேறு மண் எப்போதோ விட்டுக்கொடுத்திருக்கும் அளவுக்கு வளைந்த பிறகும் இது ரப்பர் போல அசல் நிலைக்குத் திரும்பும். தணிப்பு ஏறவில்லை, பெருக்கமும் குறையவில்லை. குன்றுப் பகுதியோடு ஒப்பிட்டால் ஏரிப் பகுதியில் சில அதிர்வெண்களில் 8 முதல் 50 மடங்கு வரை பெருக்கம் இருந்ததாக 1985க்குப் பிறகான ஆய்வுகள் காட்டின.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஒப்பிட எடுத்துக்கொண்ட பல்கலைக்கழக வளாகமும் அவ்வளவு அப்பாவி இல்லை. பசிபிக் கரையிலிருந்து அதே தொலைவில் இருக்கும் மற்ற பாறை இடங்களைவிட அங்கேயும் அதிர்வு பல மடங்கு அதிகம் என்று பின்னால் கண்டறிந்தார்கள். பள்ளத்தாக்கின் ஆழத்தில் உள்ள எரிமலைப் படிவுகள் முதலில் ஒரு முறை பெருக்கித் தருகின்றன. களிமண் பிறகு பெருக்குகிறது. வட்டிக்கு வட்டி.

எந்தக் கட்டடம்?

1985ல் நகரில் நானூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் இடிந்தன. இறந்தவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு; அந்த எண்ணிக்கை இன்றும் சர்ச்சைக்குரியது. விழுந்தவற்றில் 6 மாடி முதல் 15 மாடி வரையானவை மிகுதி. அவற்றின் காலடியில் இருந்த ஒன்றிரண்டு மாடிப் பழங்காலச் செங்கல் வீடுகள் பெரும்பாலும் நின்றன. 1956ல் திறந்த 44 மாடி லத்தீனோ அமெரிக்கானா கோபுரமும் நின்றது.

கட்டடத்தின் ஆட்ட நேரத்துக்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு: மாடி எண்ணிக்கையைப் பத்தால் வகு. அப்படியானால் இரண்டு வினாடிக்கு 20 மாடிகள் அல்லவா வர வேண்டும்? ஏன் பத்து மாடிகள் விழுந்தன? முதல் காரணம், அந்தக் கைக்கணக்கு உறுதியான தரையில் நிற்கும் கட்டடத்துக்கானது. கூழ் மண்ணில் நிற்கும் கட்டடம் அடியோடு சாய்ந்தாடும், அதனால் ஆட்ட நேரம் நீளும். இரண்டாவது காரணம் கொடுமையானது. முதல் சில ஆட்டங்களில் தூண்களில் விரிசல் விழுகிறது. விரிசல் விழுந்த கட்டடம் தளர்கிறது. தளர்ந்தால் ஆட்ட நேரம் மேலும் நீள்கிறது. ஒரு வினாடியில் தொடங்கிய பத்து மாடிக் கட்டடம் சேதமாகச் சேதமாக இரண்டு வினாடியை நோக்கி நடந்து போகிறது, அதாவது தரையின் தாளத்துக்கு நேராக. 25 மாடிக் கட்டடம் விரிசல் விட்டால் அந்தத் தாளத்திலிருந்து விலகிப் போகும். மூன்று மாடிக் கட்டடம் அந்தத் தாளத்தை எட்டவே எட்டாது.

இருபது ஆட்டம் என்பதன் பொருள் இங்கேதான் தெரியும். வலுவான குலுக்கல் ஏழெட்டு வினாடியில் முடிந்திருந்தால், இந்த நடை பாதியிலேயே நின்றிருக்கும்.

அன்றைய விதிப்படி ஏரிப் பகுதியில் அடிப்படை நில அதிர்வுக் கெழு 0.24. கட்டட எடையில் 24 சதவீதப் பக்கவாட்டு விசையில் கணக்கைத் தொடங்கி, வளைந்து தாங்கும் திறனுக்காக அதையும் குறைத்துக்கொள்வார்கள். அமைச்சக வளாகப் பதிவோ, இரண்டு வினாடிக் கட்டடம் விரிசல் விடாமல் நிற்க ஏறத்தாழ முழு எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும் என்றது. கெழுவை 0.40ஆக உயர்த்தினார்கள்.

2017

செப்டம்பர் 19, காலை 11 மணி. 1985ஐ நினைவுகூரும் ஆண்டு ஒத்திகை நடந்தது. மக்கள் இறங்கி வந்து, நின்று, திரும்பிப் போனார்கள். மதியம் 1.14க்கு உண்மையான நிலநடுக்கம். அளவு 7.1. மையம் பியூப்லா, மோரெலோஸ் மாநிலங்களின் எல்லைக்கருகே, நகரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர்; ஆழம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். நாடு முழுவதும் 370 பேர் அளவில் இறந்தார்கள், அவர்களில் 228 பேர் நகரில்.

அளவு 8.0க்கும் 7.1க்கும் வேறுபாடு ஒன்றுக்கும் குறைவுதானே என்று தோன்றும். மடக்கை அளவுகோல் அது. 1985ல் வெளிப்பட்ட ஆற்றல் 22 மடங்கு அதிகம். ஆனால் கருவிகளைப் பாருங்கள். பல்கலைக்கழக வளாகத்தில் 1985ல் 3 சதவீதம். 2017ல் ஏறத்தாழ 6 சதவீதம், இரு மடங்கு. அமைச்சக வளாகத்தில் 1985ல் 17. 2017ல் 9 சதவீதத்தை ஒட்டி, பாதி.

ஒரே களிமண். பாறையில் அதிர்வு இரட்டிப்பானபோது களிமண்ணில் பாதியானது. பெருக்கம் ஐந்து மடங்கு என்று ஒருவர் பாடம் செய்து வைத்திருந்தால் 2017ல் அது ஒன்றரை மடங்குதான். மண் மாறிவிட்டதா? இல்லை, கீழிருந்து வந்தது மாறியது.

1985 நிலநடுக்கம் கோகோஸ் தட்டும் வட அமெரிக்கத் தட்டும் உரசும் முகப்பில் நடந்தது. பெரிய பரப்பு மெல்ல வழுக்கியது. நீண்ட அலைகள், அதாவது ஆட்ட நேரம் நீண்டவை, மிகுதியாகப் பிறந்தன. கொஞ்சநஞ்சம் இருந்த குறுகிய அலைகளும் 350 கிலோமீட்டர் வருவதற்குள் வழியில் தேய்ந்தன. 2017ல் உடைந்தது உள்ளே புகுந்துகொண்டிருக்கும் கோகோஸ் தட்டின் உடல். தட்டு வளைந்து இழுபட்டு, இறுகிய பாறை சிறு பரப்பில் சட்டென்று அறுந்தது. இந்த வகை உடைப்பில் குறுகிய அலைகள் கூடுதல். தொலைவும் குறைவு என்பதால் அவை தேயாமல் வந்து சேர்ந்தன. உறுதியான தரையில் இரண்டையும் ஒப்பிட்ட மெக்சிகோ ஆய்வாளர்களின் கணக்குப்படி, இரண்டு வினாடிக்குக் குறைவான ஆட்டங்களில் 2017 சராசரியாக ஐந்து மடங்கு பெரிது. இரண்டு வினாடிக்கு மேல் 1985 பத்து மடங்கு பெரிது.

இப்போது தடிமனுக்கு வருவோம். குறுகிய ஆட்டத்துக்கு ஒத்ததிர எது தயாராக இருக்கும்? மெல்லிய களிமண். 20 மீட்டர் களிமண்ணுக்கு அதே கணக்கைப் போட்டால் ஒரு வினாடிக்குச் சற்று மேல். அந்தத் தடிமன் இருப்பது ஏரிப் பகுதியின் மேற்கு ஓரத்தில், இடைநிலை நிலத்தை ஒட்டிய பட்டையில்: ரோமா, கொண்டேசா, டெல் வாயே, நார்வார்த்தே, தெற்கே கோயாப்பா. 2017ன் இடிபாடுகளை வரைபடத்தில் குறித்தால் இந்தப் பட்டையே தெரிகிறது. விழுந்தவை பெரும்பாலும் நாலு முதல் ஏழு மாடிக் கட்டடங்கள், 1985க்கு முந்தைய விதிப்படி எழுந்தவை. தரைத்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்துவிட்டு மேலே சுவர் அடைத்தவை, பீம் இல்லாமல் தூண் மேல் நேராகத் தளம் போட்டவை பல. 1985ல் அந்தக் குறுகிய தாளம் அவற்றை அதிகம் தொடவில்லை. தாண்டி வந்துவிட்டோம் என்று 32 ஆண்டு நம்பியிருந்த கட்டடங்கள் அவை. "85ஐயே பார்த்த கட்டடம்" என்பது ஒரு சான்றிதழாகவே புழங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தத் தேர்வில் கேட்ட கேள்வியே வேறு.

எச்சரிக்கை ஒலியிலும் இதே வேறுபாடுதான். கடலோரத்தில் உடைந்தால் கருவிகள் உணர்ந்து, அலை நகரை எட்டுவதற்குள் ஒரு நிமிடம் போலக் கிடைக்கும். 2017ல் சைரனும் குலுக்கலும் ஏறக்குறைய சேர்ந்தே வந்தன.

வகையை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது

இங்கே ஒரு பிரேக் போட வேண்டும். தட்டுக்குள் உடையும் நிலநடுக்கம் என்றால் மெல்லிய களிமண் பட்டைக்கு ஆபத்து என்று விதி எழுதிவிடலாமா? அதே 2017ல், 12 நாள் முன்னதாக, செப்டம்பர் 7 இரவு டெவாந்தெபெக் வளைகுடாவில் 8.2 அளவில் ஒன்று நடந்தது. அதுவும் தட்டுக்குள் உடைந்ததே. ஆனால் நகரிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். ஒஹாகா, சியாப்பாஸ் மாநிலங்களில் பெருஞ்சேதம். தலைநகரில் மக்கள் பயந்து தெருவுக்கு வந்ததோடு பெரும்பாலும் முடிந்தது. ஆக, எப்படி உடைந்தது, எவ்வளவு தூரம் வந்தது, எந்தத் தடிமனில் ஏறியது, எந்தக் கட்டடத்தைப் பிடித்தது என்ற நாலு கண்ணியும் சேர்ந்துதான் ஒரு சேதம். எதையாவது ஒன்றை மாற்றினாலும் வேறு தெருவில் வேறு கட்டடம் விழும்.

மூன்றாவது வகையும் அந்த ஊருக்கு உண்டு. மேலோட்டிலேயே, ஆழம் குறைவாக உடைவது. 1912 நவம்பரில் நகருக்கு வடமேற்கே சுமார் நூறு கிலோமீட்டரில் அகாம்பாயில் 7ஐ ஒட்டிய அளவில் அப்படி ஒன்று நடந்தது. அப்போது முடுக்கம் பதியும் கருவிகள் கிடையாது, இன்றைய கட்டடங்களும் கிடையாது. நகரின் காலடியிலேயே மிஷ்கோவாக் பகுதியில் 2023ல் வந்த 3 அளவையொட்டிய சிற்றதிர்வுகளும் இந்த வகையே: கூர்மையான, ஓரிரு வினாடியில் முடியும் குலுக்கல். அவற்றுக்குத் தடித்த களிமண் பெரிதாகச் செவி கொடுக்காது. ஒன்றிரண்டு மாடி வீட்டுக்காரர்தான் முதலில் துள்ளி எழுவார்.

தாளம் மாறும் நிலம்

இன்றைய விதிமுறையில் ஏரிப் பகுதி முழுமைக்கும் ஒரே கெழு என்ற பழக்கம் போய்விட்டது. மனையின் இடக்குறிப்பைக் கொடுத்தால் அந்த இடத்தின் ஆட்ட நேரத்துக்கேற்ற வடிவமைப்பு வரைகோடு (எந்த ஆட்ட நேரக் கட்டடம் எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும் என்று காட்டுவது) கிடைக்கிறது. அதில் கடலோர வகை, தட்டுக்குள் உடையும் வகை இரண்டின் பங்கும் அடங்கும். நல்ல முன்னேற்றம். ஆனால் அந்த வரைபடத்துக்கும் வயது ஏறுகிறது.

குடிக்கவும் குளிக்கவும் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, களிமண் பிழிந்த துணிபோல் சுருங்குகிறது. நீர் இறைப்புதான் நகரைத் தாழ்த்துகிறது என்பதை 1940களிலேயே மெக்சிகோ பொறியாளர் நபோர் கரியோ விளக்கினார். சில இடங்களில் தரை இன்னும் ஆண்டுக்கு அரை மீட்டர் அளவில் இறங்குகிறது. இறங்கும் அடுக்கின் தடிமன் குறைகிறது. பிழியப்பட்ட மண் இறுகுவதால் அலை வேகம் கூடுகிறது. வகுக்கப்படும் எண் சிறுத்து, வகுக்கும் எண் பெருத்தால் விடை சிறுக்கும். 38 மீட்டர் 36ஆகி, வேகம் 75இலிருந்து 85ஆகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வினாடி 1.7ஆக இறங்கிவிடும். நகரின் பல அளவீட்டு நிலையங்களில் ஆட்ட நேரம் இப்படிக் குறைந்துவருவது பதிவாகியிருக்கிறது.

1.7 வினாடி என்பது 1985ன் தாளத்திலிருந்து விலகி, 2017 மேலோங்கிய பக்கத்துக்கு ஒரு அடி வைத்த இடம். அங்கே நிற்கும் எட்டு மாடிக் கட்டடத்தின் வரைபடம் கோப்பில் அப்படியே இருக்கிறது. கட்டியவர் கணக்குப் போட்டபோது இருந்த தரை அதன் கீழே இப்போது இல்லை.